கரைக்கு விலை வைப்பவர் யார்? தூத்துக்குடிக் கடற்கரையில் சந்தையும் குடியிருப்பும் சமூக நீதியும்

1. ஆய்வுக் கேள்வி

தாமிரபரணி கடலில் கலக்கும் முகத்துவாரத்து ஊர் புன்னைக்காயல். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் போர்த்துக்கீசியரின் முதன்மைக் குடியிருப்பு இங்கேதான் இருந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலைத் தந்த போர்த்துக்கீசியத் துறவி அன்றிக் அடிகளாரின் பணிக்களமும் இந்த ஊர். பின்னர் வணிகமும் அதிகாரமும் வடக்கே தூத்துக்குடிக்கு நகர்ந்தன. புன்னைக்காயல் பைபர் படகுகளையும் வலைகளையும் நம்பிய மீனவ ஊராகத் தொடர்கிறது.

இன்று அதன் வடக்கே துறைமுகமும் அனல்மின் நிலையமும் சிப்காட் வளாகங்களும் மின்வாகன ஆலையும் நிற்கின்றன. தெற்கே சாகுபுரத்தில் ரசாயன ஆலை. இன்னும் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் அமைகிறது. இவற்றுக்கு நடுவில் இருந்தும் பெருந்தொழிற்சாலை எதுவும் ஊருக்குள் இல்லை. இந்தக் கட்டுரை புன்னைக்காயலைப் பார்வை மையமாகக் கொள்வதற்குக் காரணமும் அதுவே. தாராளமயம் நகரங்களை எப்படி மாற்றியது என்ற ஆய்வுகள் பெரும்பாலும் பெருநகரத்துக்குள் நின்று எழுதப்பட்டவை. நகரம் வளர்வதற்கான விலையில் ஒரு பங்கை, அந்த நகரத்தின் எல்லைக்கு வெளியே இருக்கும் ஊர்கள் கட்டுகின்றன. அந்தப் பங்கு எவ்வளவு, எந்த வழியில் அது அவர்கள் தலையில் இறங்குகிறது என்பதே இங்கு எழுப்பும் கேள்வி.

என் வாதம் இது: இந்தக் கடற்கரையில் சந்தை, அரசை ஒதுக்கிவிட்டு வரவில்லை. நிலத்தைத் திரட்டி, சமன்செய்து, நீரும் சாலையும் கொடுத்து, முதலீட்டாளரின் இடரைக் குறைத்துத் தருவது அரசுதான். அப்படிக் குறைக்கப்படும் இடர் மறைந்துபோவதில்லை. பட்டா இல்லாத குடியிருப்புகளிலும் ஆற்றின் கடைமடையிலும் போய்ச் சேர்கிறது. எனவே சமூக நீதியை அளக்க, ‘அரசா, சந்தையா’ என்ற கேள்வியைவிட ‘இடர் யாரிடம்’ என்ற கேள்வியே உதவும்.

2. இரண்டு விளக்கங்களும் அவற்றின் போதாமையும்

இந்த விவாதத்தின் இரு மூலநூல்களும் ஒரே ஆண்டில் வந்தன என்பது தற்செயல்தான். 1944இல் பிரடரிக் ஹயேக், அரசுத் திட்டமிடல் தனிமனித சுதந்திரத்தை விழுங்கிவிடும் என்று எழுதினார். அதே ஆண்டில் கார்ல் போலானி, நிலமும் உழைப்பும் பணமும் விற்பனைக்கென்று உற்பத்தியானவை அல்ல, அவற்றைச் சரக்காக்கும் முயற்சி சமூகத்தைச் சிதைக்கும் என்று எழுதினார். சுதந்திரச் சந்தையை உருவாக்கவே அரசின் தொடர்ந்த தலையீடு தேவைப்பட்டது என்பது போலானியின் கூர்மையான கவனிப்பு.

ஹயேக்கின் வழிவந்தவர்களில் வீட்டுவசதிக் கொள்கையை அதிகம் பாதித்தவர் பெரு நாட்டுப் பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோ. ஏழைகளிடம் சொத்து இருக்கிறது, அதற்கு ஆவணம்தான் இல்லை; பட்டா கொடுத்தால் வங்கிக் கடன் வரும், வீடும் தொழிலும் வளரும் என்று 2000இல் வெளிவந்த தன் நூலில் வாதிட்டார். மறுமுனையில் டேவிட் ஹார்வி, இன்றைய மூலதனம் புதிதாக உற்பத்தி செய்து பெருகுவதோடு, பொதுவில் இருந்ததைப் பறித்தும் பெருகுகிறது என்றார். நகரங்களின் குடிசை அகற்றலுக்கும் கடற்கரை கையகப்படுத்தலுக்கும் இந்த விளக்கமே இன்று அதிகம் எடுத்தாளப்படுகிறது.

இரண்டுமே தூத்துக்குடிக் கடற்கரையில் பாதிவழிதான் வருகின்றன. டி சோட்டோ சொத்தைத் தனிக் குடும்பத்தின் வீட்டுமனையாகக் காண்கிறார். படகு இழுத்து வைக்கும் மணல், கருவாடு காயும் திடல், ஏலம் நடக்கும் கரை ஆகியவை எந்தக் குடும்பத்தின் பட்டாவிலும் அடங்காதவை. ஹார்வியின் சொல்லாடலோ, பறிப்புக்கு முன் எல்லார்க்கும் பொதுவான ஒரு கடற்கரை இருந்தது என்று நினைக்க வைக்கிறது. முத்துக்குளித்துறையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கன்னியாகுமரி மீனவர்களைப் பற்றி அஜந்தா சுப்பிரமணியன் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியதுபோல, கடலோர மக்கள் நவீனத்துக்கு வெளியே நின்றவர்கள் அல்லர். அரசோடும் திருச்சபையோடும் சந்தையோடும் நூற்றாண்டுகளாக உரிமைக்கு வழக்காடியே வந்தவர்கள்.

3. முத்துச் சலாபம்: அரசு உண்டாக்கிய சந்தை

1535–37இல் இந்தக் கரையின் மீனவ, முத்துக்குளிச் சமூகமான பரதவர் கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவியதற்குப் பின்னால் முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பார்கள் மீதான போட்டியும் போர்த்துக்கீசியப் பாதுகாப்பின் தேவையும் இருந்தன. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கும், பின்னர் ஆங்கிலேயர் கைக்கும் போனபோது சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பின் எஜமானர் மாறினர்; ஏகபோகம் மாறவில்லை.

பிரிட்டிஷ் காலத்துச் சலாபத்தின் ஒரு நாளைக் கவனித்தால் அதன் பொருளியல் விளங்கும். விடியலுக்கு முன் தோணிகள் பாருக்குப் புறப்படும். குளியாள் கல்லின் பாரத்தில் இறங்குவார். மேலே அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். தோணிகள் கரை திரும்பியதும் சிப்பிகள் கொட்டு எனப்படும் அடைப்புக்குள் கொண்டுவரப்படும். அங்கே குளியாட்கள் அவற்றை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். இரண்டு குவியல் அரசுக்கு. எந்த இரண்டு என்று காட்டுவது அதிகாரி. மிஞ்சியதே குளித்தவர்களுக்கும் கயிறு பிடித்தவர்களுக்கும். அதிகாரி எதைக் காட்டுவார் என்று முன்கூட்டித் தெரியாததால் குவியல்களைச் சமமாகப் பிரிப்பதுதான் குளியாட்களுக்கு லாபம். மாலையில் அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று ஏலம் போகும். உள்ளே முத்து உண்டா என்பது ஏலம் கேட்பவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

ஏலம் என்பது பாடப்புத்தகத்துச் சந்தை: பலர் கேட்க, விலை தானாக ஏறும். ஆனால் அந்த ஏலம் நின்றது ஏகபோகத்தின் மேல். சிப்பியைத் திறக்கும் முன்பே விற்றுவிட்டதால் முத்து கிடைக்குமா என்ற இடர் அரசுக்கு இல்லை, அது வியாபாரிக்கு. மூச்சுத் திணறலும் சுறாவும் குளியாளுக்கு. மூன்றில் இரண்டு பங்கு வருமானம் பெற்ற தரப்பே மிகக் குறைந்த இடரைச் சுமந்தது.

சமூகத்துக்குள்ளும் சமத்துவம் இருக்கவில்லை. சாதித்தலைவனுக்குச் சலாபத்தில் தனிச் சலுகை உண்டு. தோணியும் வணிகமும் வைத்திருந்த மேசைக்காரருக்கும் கடலில் உழைத்த கம்மாரக்காரருக்கும் இடையே இருந்த தூரத்தை வரலாற்றாய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1961இல் கடைசிச் சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு இந்தக் கரையில் அரசு முத்துக்குளிப்பு நடத்தவில்லை.

இன்றைய மீன் ஏலத்திலும் இதே அமைப்பின் சாயல் உண்டு. கரைக்கு வந்த மீனைக் கூடை கூடையாக ஏலம் விடுகிறார்கள். வெளிப்பார்வைக்கு விலை அங்கேயே, அந்த நிமிடத்திலேயே முடிவாகிறது. ஆனால் படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் மீனை அவர் வழியேதான் விற்க வேண்டும். கடன் தீரும்வரை தரகும் கழியும். ஏலத்தில் கேட்பவர் பலர் இருந்தாலும், விற்பவர் கடனில் கட்டுண்டிருந்தால் அந்தச் சந்தையைச் சுதந்திரமானது என்று எந்தப் பக்கத்துப் பொருளியலாளரும் சொல்ல முடியாது.

4. துறைமுக நகரம்: அரசுக் கட்டுமானத்திலிருந்து அரசு உத்தரவாதத்துக்கு

தூத்துக்குடியின் புதிய துறைமுகம் 11 ஜூலை 1974இல் நாட்டின் 10ஆவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டில் உர ஆலை, கனநீர் ஆலை, அனல்மின் நிலையம் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. அரசே நேரடியாகவோ கூட்டாகவோ முதலிட்ட காலம் அது. அப்போதும் கடலோர மக்கள் இடம்பெயர்ந்தனர்; கழிவு கடலுக்குத்தான் போனது. எனவே 1991க்கு முன் நீதி இருந்தது, பின் போய்விட்டது என்ற எளிய பிரிப்பு இங்கு பொருந்தாது.

1991க்குப் பின் மாறியது அரசின் வேலை. 1990களின் இறுதியில் தூத்துக்குடித் துறைமுகத்தின் சரக்குப் பெட்டக முனையம் தனியாரிடம் ஒப்பந்த அடிப்படையில் தரப்பட்டது. 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக அதிகார அமைப்புகள் சட்டம், துறைமுகத்தை நிலத்தின் உரிமையாளராகவும் இயக்குபவரைக் குத்தகையாளராகவும் வைக்கும் முறையை உறுதிப்படுத்தியது. 28 பிப்ரவரி 2024இல் 7,056 கோடி ரூபாய் மதிப்பில் வெளித்துறைமுகத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே நாளில் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கும் அடிக்கல் விழுந்தது. மூன்று நாள் முன்பு, 25 பிப்ரவரியில், வியட்நாமின் வின்பாஸ்ட் நிறுவனத்தின் மின்வாகன ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருந்தது. 4 ஆகஸ்ட் 2025இல் அந்த ஆலை திறக்கப்பட்டது.

இவை எல்லாவற்றிலும் அரசின் பங்கு ஒரே வகையானது. 1971இல் தொடங்கிய மாநில அரசின் தொழில் வளாக நிறுவனமான சிப்காட் நிலத்தைத் திரட்டுகிறது, சாலையும் நீரும் மின்சாரமும் கொண்டுவருகிறது, மனைகளாகப் பிரித்து 99 ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறது. தென் மாவட்டங்களில் முதலிடுவோருக்கு நில விலையில் சலுகையும் உண்டு. வேலைவாய்ப்பு வேண்டிய ஒரு மாவட்டத்தில் இதைத் தவறு என்று சொல்வது கடினம். ஆனால் இதைச் ‘சந்தை தீர்மானித்த நிலப் பயன்பாடு’ என்று சொல்வதும் கடினம்.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் வரலாறு, மாசுக்கு விலை எப்போது வைக்கப்படுகிறது என்பதைக் காட்டும். ஆலையை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் ஆணையிட்டது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, சூழல் பாதிப்புக்காக 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்து ஆலை இயங்க வழிவிட்டது. 2018 மே 22, 23 நாட்களில் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். ஒரு வாரத்துக்குள் மாநில அரசு ஆலையை மூட ஆணையிட்டது. 29 பிப்ரவரி 2024இல் மீண்டும் திறக்கக் கோரிய மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளித்துறைமுகத்துக்கு அடிக்கல் விழுந்த மறுநாள் அது. ஆலை தொடங்கும் முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு, கால் நூற்றாண்டு கழித்து நீதிமன்றத்தில் போடப்பட்டது.

5. நிலம் திரட்டும் சட்டங்கள்

நடுவண் அரசின் 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் கடலோரத்துக்கு முக்கியமான ஒரு பிரிவு உண்டு. பாதிக்கப்படும் குடும்பம் என்ற வரையறைக்குள் நில உரிமையாளர் மட்டுமல்லாமல், நீர்நிலைகளை மூன்றாண்டாக நம்பிப் பிழைக்கும் மீனவரும் படகோட்டியும் வருகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் யார் யார் என்று கண்டறியும் கருவி, கையகப்படுத்தலுக்கு முந்தைய சமூகத் தாக்க மதிப்பீடு.

தமிழ்நாடு இந்தச் சட்டத்தில் 105அ என்ற பிரிவைச் சேர்த்து, தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களை அதன் பிடியிலிருந்து விலக்கியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாநிலச் சட்டங்கள் செல்லாது என்றது. மாநில அரசு அதே ஆண்டில் புத்துயிர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது; 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இழப்பீட்டு விகிதங்கள் நடுவண் சட்டத்தின்படியே கணக்கிடப்படுகின்றன என்பது அரசின் பதில். உண்மைதான். ஆனால் நிலம் இல்லாத, நிலத்தை நம்பிய குடும்பத்தை அடையாளம் காணும் தாக்க மதிப்பீடு அந்த வழியில் விடுபட்டுவிட்டது. பட்டியலில் இல்லாதவருக்கு எந்த விகிதத்தில் கணக்கிட்டாலும் இழப்பீடு இல்லை.

2023இல் நிறைவேறிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் இன்னும் ஒரு படி. 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் ஓடையோ குளமோ வாய்க்காலோ இருந்தால், அந்த நீர்நிலைகளையும் உள்ளடக்கி நிலத்தை மொத்தமாகத் திட்டத்துக்குத் தர அது வழி செய்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் குளங்கள் ஒன்றோடொன்று தொடர்பு உள்ளவை. மேலே ஒரு குளத்தின் வரத்தும் போக்கும் மாறினால் கீழே வெள்ளம் வரும் வழி மாறும். சட்டம் அளக்கும் எல்லை திட்டப் பரப்போடு முடிகிறது. நீரின் எல்லை முகத்துவாரம் வரை போகிறது.

6. வீடு: பட்டாவும் தொழிலும்

குடிசை மாற்று வாரியத்தை 1970இல் தொடங்கிய தமிழ்நாடு, இந்தியாவில் ஏழைகளின் நகர்ப்புற வீட்டை அரசின் கடமையாக முன்னதாகவே ஏற்ற மாநிலங்களில் ஒன்று. 1977இல் சென்னையில் உலக வங்கித் திட்டம் வந்தபின் அணுகுமுறை மாறத் தொடங்கியது. கட்டிக் கொடுப்பதற்குப் பதில் மனையும் அடிப்படை வசதியும் கொடுத்து, செலவைத் தவணையில் திரும்ப வசூலிப்பது முன்னுரிமை ஆனது. 1996இல் தனியார் நிதி நிறுவனங்களின் பங்கோடு தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் வந்தது. நகராட்சிகள் கடன் வாங்கிக் கட்டுமானம் செய்யும் காலம் தொடங்கியது. 2017இல் பொலிவுறு நகரத் திட்டத்துக்குத் தேர்வான தூத்துக்குடியில், பணிகளை மாநகராட்சி மன்றத்துக்கு வெளியே உருவாக்கப்பட்ட ஒரு சிறப்பு நிறுவனம் நடத்தியது. கம்பெனிச் சட்டத்தில் பதிவான அமைப்பு அது. வார்டு உறுப்பினரிடம் கேட்பதுபோல் மக்கள் அதனிடம் கேட்க முடியாது.

ஊரகத்துக்கும் வீட்டுத் திட்டங்கள் உண்டு. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. முந்தைய தொகைகளோடு ஒப்பிட்டால் மதிக்கத்தக்க உயர்வு. பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில் சொந்த மனையில் தானே கட்டிக்கொள்பவர்க்கான பிரிவும் இதுபோன்றதே. இரண்டுக்கும் நுழைவுச் சீட்டு பட்டா. தலைமுறைகளாகப் புறம்போக்கில் குடியிருக்கும் கடலோரக் குடும்பம் இந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது.

சுனாமிக்குப் பின் தமிழ்நாடு அரசு 30 மார்ச் 2005இல் வெளியிட்ட 172ஆம் எண் அரசாணை இந்தச் சிக்கலை வேறு கோணத்தில் காட்டியது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் போக ஒப்புக்கொள்பவர்க்கு 1.5 லட்சம் ரூபாய் மதிப்பில் இலவச வீடு. பழைய மனையை ஒப்படைக்க வேண்டும். போக மறுப்பவரை யாரும் விரட்டவில்லை. ஆனால் வீட்டைப் பழுதுபார்க்க அரசு உதவி கிடையாது. கட்டாயப்படுத்தாமல், தேர்வின் விலையை மாற்றி முடிவை நகர்த்தும் முறை இது. பாதுகாப்பு என்ற நோக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் மீனவர் விட்டுச்சென்ற அதே பட்டையில் துறைமுகத்துக்கும் சுற்றுலாவுக்கும் விதிவிலக்குகள் தொடர்ந்தபோது, அந்த நோக்கத்தின் மேல் மீனவருக்கு நம்பிக்கை குறைந்தது.

பைபர் படகுக் குடும்பத்தின் வீட்டை உள்ளே சென்று பார்த்தால் கரைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தின் பொருள் தெரியும். படகு கரையேறியதும் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். வீட்டில் இருப்பதிலேயே விலை கூடிய பொருள் பெரும்பாலும் அதுதான். திண்ணையில் நண்டு வலையில் சிக்கிய ஓடுகளையும் பாசியையும் கழிக்கும் வேலை நடக்கும். அதில் கை வைப்பவர்கள் வீட்டுப் பெண்களும் முதியவர்களும். சாளை வலைக்கும் சிங்கி வலைக்கும் தனித்தனி மூலை. பெட்ரோல் கேன், ஐஸ் பெட்டி, மிதவைகள். நள்ளிரவில் காற்று திரும்பினால் எழுந்துபோய்ப் படகை மேலேற்ற வேண்டும். இந்தக் குடும்பத்தை இரண்டு கிலோமீட்டர் தள்ளி மூன்றாம் மாடியில் குடிவைத்தால், சதுர அடிக் கணக்கில் அதன் வீடு பெரிதாகியிருக்கலாம். தொழிற்கூடமும் கிடங்கும் கரையைக் காணும் வசதியும் போயிருக்கும். பெண்களின் ஊதியமில்லா உழைப்பு வலைக்கூலியாக மாறி, வெளியாருக்குப் பணமாகக் கொடுக்க வேண்டியதாகும்.

வீட்டுக்கும் பிழைப்புக்கும் உள்ள இந்தப் பிணைப்பு சட்டத்துக்குப் புதிதல்ல. 1985இல் மும்பை நடைபாதைவாசிகளின் ஒல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வுரிமைக்குள் பிழைப்புரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பிழைப்பு இருக்கும் இடத்துக்கு அருகே வாழ்வதால்தான் அவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதையும் ஏற்றது. சென்னைக் குடிசைவாசிகளுக்காகக் கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் அதே காலத்தில் தீர்ப்பு வந்தது. கொள்கையை ஏற்ற நீதிமன்றம், முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றுவதை அனுமதித்தது. நம் வீட்டுக் கொள்கை இன்றும் அந்த இரட்டை நிலையிலேயே இருக்கிறது.

7. வரைபடத்தில் கரை

1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, சந்தைமயமாதல் தொடங்கிய அதே ஆண்டில் கடற்கரைக்கு வேலி போட்டது. 2011 அறிவிக்கை மீனவரின் நெடுங்கால வீட்டுத் தேவையைத் திட்ட வரைபடங்களில் காட்ட வேண்டும் என்றது. 2019 ஜனவரியில் வெளியான அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரையில் கட்டுமானத் தடைப் பட்டையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. தடைப் பட்டைக்குள் தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கும் இடம் கொடுத்தது.

நெருக்கமான மீனவ ஊர்களுக்கு இந்தத் தளர்வு நல்லதுதானே என்ற வாதம் உண்டு. வீடு கட்ட மனை கிடைக்கும் என்பது மெய். ஆனால் தளர்வு எல்லாருக்கும் பொது. தடை இருந்தவரை மீனவரைத் தவிர மற்றவருக்கு அந்த மணலில் ஆர்வம் குறைவு. தடை நீங்கினால் விலை ஏறும், விலை ஏறினால் பட்டா இருப்பவர் விற்கலாம், பட்டா இல்லாதவர் வெளியேற நேரும். இதைத் தடுப்பதற்கு வேண்டியது பொது நிலங்களைக் குறிக்கும் வரைபடம். தமிழ்நாட்டின் புதிய வரைபட வரைவுகளில் பல ஊர்களும் மீன்பிடிப் பொது இடங்களும் விடுபட்டிருப்பதாக மீனவர் அமைப்புகள் 2023இல் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் எதிர்ப்புத் தெரிவித்தன. வன உரிமைச் சட்டம் 2006 காட்டில் வாழ்வோரின் கூட்டு உரிமையை ஏற்றதுபோல, கடற்கரைக்கு ஒரு சட்டம் நம்மிடம் இல்லை.

8. வெள்ளம் வந்த வழி

17, 18 டிசம்பர் 2023இல் புன்னைக்காயலுக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகள் மூழ்கின. கோரம்பள்ளம் குளம் உடைந்து வெள்ளம் தூத்துக்குடியின் ஓரங்களைச் சூழ்ந்தது. கடைசியில் எல்லா நீரும் போய்ச்சேர வேண்டிய முகத்துவாரத்தில் இருந்த புன்னைக்காயல் துண்டிக்கப்பட்டது. மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குப் போய் மக்களை மீட்டார்கள்.

இத்தகைய மழையைத் தாராளமயத்தின் விளைவு என்று சொல்வது ஆய்வுக்கு ஒவ்வாது. காலநிலைக்கும் பழைய கண்மாய்ப் பராமரிப்புக் குறைவுக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஆனால் பாதிப்பு எப்படிப் பங்கானது என்பது கொள்கை சார்ந்தது. அதிகம் பாதித்த வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கப்பட்டது. எஞ்சினுக்குள் நீர் புகுந்த, வலை அடித்துச் செல்லப்பட்ட குடும்பத்தின் இழப்பை அது தொடாது. ஆலைக்குக் காப்பீடு உண்டு. குத்தகை ஒப்பந்தத்தில் இயற்கைப் பேரிடர் விதி உண்டு. முகத்துவாரத்துக் குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்த வியாபாரியின் கணக்கில் அப்படி ஒரு விதி இல்லை.

கோடையில் ஆற்றின் கதை தலைகீழ். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து குழாய் வழியே ஆலைகளுக்கு நீர் எடுக்கும் திட்டம் பல ஆண்டுகளாக வழக்கிலும் போராட்டத்திலும் இருந்துவந்திருக்கிறது. நன்னீர் குறையும் காலத்தில் கடல் நீர் முகத்துவாரம் வழியே உள்ளே ஏறுகிறது. நீர் மிகுந்தாலும் குறைந்தாலும் கடைமடைதான் முதலில் உணர்கிறது.

9. எதிர்வாதங்கள்

மூன்று எதிர்வாதங்கள் பொருட்படுத்தத் தக்கவை. முதலாவது, வேலை. முத்தும் போய், மீனும் குறைந்த கரையில் இளைஞர் கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். பக்கத்தில் ஆலை வந்தால் நல்லதே. இதை மறுக்க முடியாது. ஆனால் ஆலை தரும் வேலை ஒருவருடையது. கரை தரும் பிழைப்பு ஒரு குடும்பத்தின் எல்லாக் கைகளுக்கும் உரியது. வேலை வந்ததா என்று கேட்கும்போது, எந்த வேலை போனது என்றும் கணக்கெடுக்க வேண்டும்.

இரண்டாவது, பட்டா. டி சோட்டோ சொன்னதில் ஒரு மெய் உண்டு: ஆவணம் இல்லாதவருக்கு வங்கி இல்லை, வங்கி இல்லாதவருக்கு வியாபாரியின் முன்பணமே கதி. எனவே வீட்டுமனைக்குப் பட்டா கொடுப்பது அவசியம். அதோடு படகுத் திடலும் கருவாட்டுத் திடலும் ஏலக் கரையும் ஊரின் கூட்டு உரிமையாகப் பதிவாக வேண்டும். எலினார் ஆஸ்ட்ராம் 1990இல் காட்டியதுபோல், விதிகள் உள்ள இடத்தில் பொதுச்சொத்து அழிய வேண்டியதில்லை. விதியை உருவாக்கியவர்களுக்கு அதைக் காக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். 2014இல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பு ஏற்ற சிறு மீன்பிடிப்பு வழிகாட்டு நெறிகளும் இதையே வலியுறுத்துகின்றன.

மூன்றாவது, பழைய ஏகபோகமும் அநீதிதானே என்பது. ஆம். சலாபத்தின் கணக்கு அதற்கு சாட்சி. அதனால்தான் பழைய கரைக்குத் திரும்புவது இந்தக் கட்டுரையின் கோரிக்கை அல்ல. ஊரின் கூட்டு உரிமை என்று சொல்லும்போது, அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கும் கூலிக்குக் கடலுக்குப் போகிறவருக்கும் வாக்கு உண்டா என்று கேட்பதும் அதன் பகுதி. மேசைக்காரர் கையில் மட்டும் இருந்த பொதுச்சொத்து, பொது அல்ல.

10. முடிவுரை

மேலே பார்த்த நான்கு காலங்களிலும் ஒரே அமைப்பு மீள்கிறது. சலாபத்தில் அரசு ஏகபோகத்தைப் பிடித்துக்கொண்டு ஏலத்தைச் சந்தையிடம் விட்டது. துறைமுகம் வந்தபோது தானே கட்டியது. தாராளமய காலத்தில் நிலத்தைத் திரட்டிக் குத்தகைக்கு விடுகிறது. பேரிடருக்குப் பின் தேர்வின் விலையை மாற்றி மக்களை நகர்த்துகிறது. ஒவ்வொன்றிலும் வருமானத்தின் பெரும்பங்கு ஒரு பக்கமும் இடரின் பெரும்பங்கு மறுபக்கமும் போகின்றன. ‘சுதந்திரச் சந்தை’ என்ற பெயர் இந்தப் பங்கீட்டை அரசியல் முடிவாகக் காட்டாமல் இயல்பானதாகக் காட்டிவிடுகிறது. அதை எதிர்ப்பவர்கள் ‘பறிப்பு’ என்று மட்டும் சொல்லும்போதும், எது யாரிடமிருந்து எவ்வளவு போனது என்ற கணக்கு எழுதப்படாமல் நின்றுவிடுகிறது.

அந்தக் கணக்கை எழுதுவது சாத்தியமே. அதற்கான கருவிகளும் நம் சட்டங்களிலேயே இருக்கின்றன. 2013 சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீட்டை மாநிலச் சட்டங்களின் கீழ் வரும் திட்டங்களுக்கும் திரும்பக் கொண்டுவரலாம். அதன் எல்லையைத் திட்டப் பரப்போடு நிறுத்தாமல் நீர் போய்ச்சேரும் முகத்துவாரம் வரை நீட்டலாம். வீட்டுத் திட்டங்களில் சதுர அடியோடு கரைக்குள்ள தூரத்தையும் தொழிற்கருவிக்கான இடத்தையும் அளவுகோலாக்கலாம். இவற்றைச் செய்த பின்னும் ஒரு திட்டம் லாபகரமாக இருந்தால், அது சந்தையில் வென்ற திட்டம் என்று மீனவரும் ஒப்புக்கொள்ளலாம். இந்தக் கணக்கைச் சேர்த்தவுடன் லாபம் காணாமல் போனால், அந்த லாபம் இதுவரை கடைமடைக் குடும்பங்கள் கொடுத்துவந்த மானியம்தான். அந்த மானியத்தைக் கொடுக்கச் சம்மதமா என்று அவர்களிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கான முதல் ஆவணம், அடுத்த திட்டத்துக்கு நிலம் ஒதுக்கும் முன் அரசு வெளியிட வேண்டிய இடர்ப் பட்டியல்.